தாழ்த்தப்பட்ட பிக்கப் வண்டிகளின் பின்பக்க ஷாக் அப்சார்பர்

பிக்கப் வண்டியின் சேசிஸைத் தரைக்கு நெருக்கமாக இறக்கிய பின், பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே பொருத்தப்படும் அதிர்வுத் தணிப்பானை இக்கட்டுரை விவரிக்கிறது. வண்டியை இறக்கி ஓட்டும் இந்த மோகம் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் செழித்தது. டாட்சன், டொயோட்டா, மஸ்டா போன்ற சிறிய ஜப்பானிய பிக்கப்களும், பின்னாளில் செவ்ரோலே எஸ்-10, சி1500 போன்றவையும் இதற்குப் பெயர்பெற்றவை. இறக்கிய வண்டி முதுகெலும்பை உலுக்கினால் உரிமையாளர் முதலில் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிப்பார். பெரும்பாலும் குற்றவாளி ஸ்பிரிங் அல்ல, அசைய இடமில்லாமல் திணறும் ஷாக்தான். ஆகவே ஷாக் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது நீளம். மென்மை, கடினம் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

ஷாக் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. அது ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கினால் பலமுறை ஆடும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை, சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி வெப்பமாக மாற்றுவதே ஷாக்கின் பணி. எனவே சாதாரண ஷாக்கை மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ நினைப்பது வீண்.

இறக்கும் முறைகளும் அவற்றின் விளைவும்

பின்பக்கத்தை இறக்கும் வழி வண்டிக்கு வண்டி மாறும். 1967–72 காலத்துச் செவ்ரோலே சி10 வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங். அங்கே குட்டையான சுருளைப் போட்டால் போதும். 1973-இல் வந்த அடுத்த தலைமுறையில் பட்டை ஸ்பிரிங் இடம்பிடித்தது. அவற்றில் அச்சு பட்டைகளுக்குக் கீழே இருக்கும். அதைப் பட்டைகளுக்கு மேலே ஏற்றிக் கட்டுவதைக் கலிபோர்னியப் பட்டறைகள் 'ஃபிளிப்' என்கின்றன. இதில் ஐந்து, ஆறு அங்குலம் ஒரேயடியாக இறங்கும். அச்சு ஏற்கெனவே பட்டைக்கு மேலே இருக்கும் சிறிய வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை செருகுவார்கள். பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள்களை மாற்றி ஓரிரு அங்குலம் இறக்குவதும் உண்டு.

எந்த வழியானாலும் அச்சு சேசிஸை நெருங்குகிறது. ஷாக்கின் இரு முனைகளுக்கு இடையிலான தூரமும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. ஆலையிலிருந்து வந்த ஷாக்கையே விட்டுவைத்தால், வண்டி சும்மா நிற்கும்போதே அது ஏறத்தாழ முழுவதும் சுருங்கியிருக்கும். சாலையில் ஒரு சிறு பள்ளம் வந்தாலும் உள்ளே பிஸ்டன் அடியில் போய் மோதும். அச்சு சேசிஸில் இடிக்காமல் காக்கும் ரப்பர் தடுப்பு வாங்கவேண்டிய அடியை ஷாக் வாங்கிக்கொள்ளும். விளைவு: எண்ணெய் கசியும், தண்டு வளையும், சில வேளை சேசிஸில் உள்ள பொருத்துமுனையே பிய்த்துக்கொண்டு வரும்.

அளவெடுத்தல்

விலைப்பட்டியலில் 'நான்கு அங்குலத் தாழ்வுக்கு' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குவதைவிட, நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுப்பது மேல். மூன்று அளவுகள் தேவை. முதலாவது, வண்டி சம தளத்தில் தன் சக்கரங்களின்மேல் நிற்கும்போது மேல் பொருத்துமுனையிலிருந்து கீழ் முனை வரையுள்ள தூரம். இரண்டாவது, அச்சு மேலேறி ரப்பர் தடுப்பை நன்கு நசுக்கிய நிலையில் அதே தூரம். மூன்றாவது, சேசிஸை உயர்த்தி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அச்சைத் தொங்கவிட்ட நிலையில் அதே தூரம்.

ஓர் எடுத்துக்காட்டு: நிற்கும் நிலையில் 15 அங்குலம், தடுப்பு நசுங்கிய நிலையில் 12, தொங்கும் நிலையில் 18. இதற்கு ஏற்ற ஷாக் 11½ அங்குலம் வரை சுருங்கவேண்டும். 18½ அங்குலம் வரை நீளவேண்டும். இரு முனையிலும் விடும் அந்த அரை அங்குலம், பிஸ்டன் எந்தப் பக்கமும் மோதாமல் காக்கிறது. இதில் சுருங்கிய நீளத்தில் சமரசம் கூடாது. நீட்சி சற்றுக் குறைந்தால் அச்சு தொங்குவதை வார்ப்பட்டை கட்டி நிறுத்திவிடலாம்; சுருங்கிய நீளம் கூடினால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஐந்து அங்குலத்துக்கு மேல் இறங்கிய வண்டியில் அச்சுக்கு மேலே சேசிஸே இடிக்கும். அந்த இடத்தில் சேசிஸை வளைவாக வெட்டி, வலுவான தகட்டை வைத்துப் பொருத்துவது வழக்கம். அதைச் செய்யாமல் எத்தனை விலையுயர்ந்த ஷாக் போட்டாலும் பயனில்லை.

சாய்வு

மேல் முனைக்கு இடம் தேடும்போது ஷாக்கைப் படுக்கைவாட்டில் சாய்த்துவிடுவது பரவலான தவறு. சக்கரத்தில் உணரப்படும் தணிப்பு, சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்தால் 88 விழுக்காடு மிஞ்சும். 30 பாகையில் 75. 45 பாகையில் பாதிதான். ஆகவே பழைய முனைகளைச் சாய்த்துப் பயன்படுத்துவதைவிட, உரிய தாங்கிகளைப் பொருத்தி ஷாக்கை நிமிர்த்துவது நல்லது.

கடினமும் வகைகளும்

பிக்கப்பின் பின் ஸ்பிரிங்குகள் முழுச் சுமைக்காகச் செய்யப்பட்டவை. காட்சிக்காக இறக்கிய வண்டியின் பெட்டியோ எப்போதும் காலி. கனத்த ஸ்பிரிங்கின் மேல் இலேசான எடை இருப்பதால் பின்பக்கம் வேகமாகத் துள்ளும். பட்டைகளில் ஒன்றைக் கழற்றியிருந்தால் ஸ்பிரிங் மென்மையாகியிருக்கும். ஷாக்கின் விசையும் அதற்கேற்பக் குறையவேண்டும்.

பொதுவாக ஷாக் சுருங்கும்போது தரும் எதிர்ப்பைவிட விரியும்போது தரும் எதிர்ப்பு இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். இறக்கிய வண்டியில் இந்த விரிவுத் தணிப்பை அளவுக்கு மீறி ஏற்றுவது ஆபத்து. அடுத்தடுத்த மேடுபள்ளங்களில் ஸ்பிரிங் முழுமையாக விரியுமுன் அடுத்த அடி விழுகிறது. வண்டி படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் ரப்பர் தடுப்பின்மேலேயே ஓடுகிறது. மூன்று அங்குல இடைவெளி மட்டுமே உள்ள வண்டியில் இது நொடிகளில் நடந்துவிடும். ஓட்டுநருக்கு அது 'ஷாக் ரொம்ப மென்மை' என்று தோன்றும், இன்னும் இறுக்குவார், இன்னும் மோசமாகும்.

இரட்டைக் குழாய் ஷாக் விலை குறைவு. உள்குழாய், வெளிக்குழாய் என இரண்டு உண்டு. அதைத் தலைகீழாக மாட்டக்கூடாது; மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை இழுத்து அமுக்கி உள்ளிருக்கும் காற்றை நீக்கவேண்டும். ஒற்றைக் குழாய் வகை, பிரான்சின் பொறியாளர் தெ கார்பன் வகுத்த அமைப்பு. எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் ஒரு மிதவை பிஸ்டன் பிரிக்கிறது. இது விரைவில் குளிரும். அதன் வாயு தண்டை எப்போதும் வெளியே தள்ளும்: 25 பார் அழுத்தத்தில் 14 மி.மீ. தண்டுக்கு அந்த விசை சுமார் 39 கிலோ எடைக்கு நிகர். இறக்கிய வண்டி புது ஷாக் போட்டதும் ஒரு நூலளவு உயர்ந்து நிற்பது இதனால்தான்.

காற்று ஷாக் போட்டு உயரத்தைத் தூக்கும் பழக்கமும் உண்டு. ஆட்டத்தை அடக்குவதற்கென்று அமைந்த பொருத்துமுனைகள் அப்போது சுமையையும் தாங்கவேண்டிவரும். நிரந்தரத் தீர்வாக இதைக் கொள்ளலாகாது.

சரிசெய்தல்

தணிப்பை மாற்றும் திருகு வைத்த ஷாக்குகளில் சில வண்டியிலேயே திருப்பக்கூடியவை. ரான்ச்சோ நிறுவனத்தின் 9000 வரிசையில் ஒன்பது நிலைகள் உண்டு. கோனி நிறுவனத்தின் பழைய வகையைக் கழற்றி, முழுவதும் அமுக்கி, உள்ளே பல் கவ்வியதும் சுழற்றவேண்டும். அதில் மாறுவது விரிவுத் தணிப்பு மட்டும்.

மிக மென்மையான நிலையில் தொடங்கி, தெரிந்த ஒரே சாலையில், ஒரே வேகத்தில், எப்போதும் ஏற்றும் சுமையோடு ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒரு மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் ஒருமுறை எழுந்து அடங்கினால் போதும். இரண்டு, மூன்று முறை ஆடினால் ஒரு நிலை கூட்டவேண்டும். சிறு விரிசல்களிலும் சக்கரம் குதித்தால் கூட்டியது அதிகம். ஒரு நிலை குறைக்கவேண்டும். இடமும் வலமும் ஒரே நிலையில் இருப்பது கட்டாயம். தண்டில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைச் செருகிவைத்தால், ஓடியபின் அது நிற்கும் இடம் ஷாக் எவ்வளவு சுருங்கியது என்பதைக் காட்டிவிடும். இந்த எளிய உபாயம் எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி சக்கரங்களின்மேல் நிற்கும்போதே இறுதியாக இறுக்கவேண்டும். அச்சு தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும்.

எவ்வளவு இறக்கலாம் என்பதற்குக் கலிபோர்னியாவில் 2023 முடியும் வரை சட்ட எல்லையும் இருந்தது. அம்மாநில வாகனச் சட்டத்தில் அப்போதிருந்த 24008-ஆம் பிரிவின்படி, மாற்றியமைத்த பயணிகள் வண்டியிலோ 6,000 பவுண்டுக்குக் குறைந்த சரக்கு வண்டியிலோ, சக்கரத்தைத் தவிர வேறெந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தரைக்கு நெருங்கக்கூடாது என்றிருந்தது. இடம் மாற்றிய ஷாக் தாங்கியின் கீழ்முனைக்கும் இது பொருந்தியது.