சட்டம் கற்பித்த ஜார்ஜ் வித்

அமெரிக்கா சுதந்திரம் பெற்ற வரலாற்றைச் சொல்லுவோர் வாஷிங்டனையும் ஜெபர்ஸனையும் மறப்பதில்லை. ஆனால் ஜெபர்ஸனுக்குச் சட்டம் கற்பித்த ஜார்ஜ் வித் என்பவரை, சுதந்திரப் பிரகடனத்தில் வர்ஜீனியாப் பிரதிநிதிகளின் கையொப்பங்களுள் அவருடையதே முதலாவதாக நின்றபோதிலும், சரித்திரம் பயில்வோரிலும் சிலரே அறிவார்கள்.

அக்காலத்தில் வக்கீலாக விரும்பிய இளைஞன் ஏதேனும் ஒரு வக்கீலின் காரியாலயத்தில் அமர்ந்து, பத்திரங்களைப் பிரதி செய்வதிலேயே பெரும்பொழுதைக் கழித்து, மிஞ்சிய நேரத்தில் புஸ்தகங்களைப் புரட்டி, பின்பு பரீட்சகர்முன் போய் நிற்பான். 1726-ல் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயிடம் கல்வி தொடங்கிய வித்தும் அவ்விதமே உறவினரான ஒரு வக்கீலிடம் கவனிப்பாரின்றித் தொழில் பயின்றவர். தாம் பட்ட குறையைத் தம் மாணாக்கன் படலாகாதென்று கருதினார் போலும். 1762 முதல் ஐந்து வருஷம் தம்மிடம் பயின்ற ஜெபர்ஸனுக்கு வழக்குச் சாஸ்திரத்தோடு கிரேக்க, லத்தீன் இலக்கியங்களிலும் ருசி உண்டாக்கினார்.

அந்த மாணாக்கர் 1779-ல் வர்ஜீனியாவின் கவர்னராகி, வில்லியம்ஸ்பர்க் நகரத்து வில்லியம்-மேரி கலாசாலையின் நிர்வாக சபையிலும் அங்கம் வகித்தபோது, அங்கிருந்த வேதசாஸ்திரப் பேராசிரியர் ஆசனங்கள் எடுபட்டு, சட்டத்துக்கும் ராஜ்ய பரிபாலனத்துக்குமாக ஓர் ஆசனம் ஏற்பட்டு, வித்துக்கு அளிக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டில் சட்ட நிபுணர் பிளாக்ஸ்டன் 1758-ல் ஏற்ற ஆசனம் அதற்கு முன்னோடி. அமெரிக்காவில் இதுவே முதலாவது. குருவுக்குச் சிஷ்யன் அளித்த தக்ஷிணை என்று இதைச் சொல்லலாம்.

ராஜதானி ரிச்மண்டுக்கு மாறிவிட்டதால் வெறிச்சோடிக் கிடந்த பழைய சட்டசபைக் கட்டிடத்தில், வித் தம் மாணாக்கரைக்கொண்டு மாதிரி நியாயஸ்தலம் ஒன்றையும் மாதிரிச் சட்டசபை ஒன்றையும் நடத்தினார். முன்னதில் அவரும் மற்ற ஆசிரியர்களும் நீதிபதிகளாக அமர, இளைஞர்கள் ஊர்ப் பெரியோர்களின் முன்னிலையில் வழக்காடினார்கள். சனிக்கிழமைதோறும் கூடிய பின்னதில், சுமார் நாற்பது மாணாக்கர் அங்கத்தினர்களாகவும் வித் சபாநாயகராகவும் இருந்தார்கள். அங்கே விவாதத்துக்கு வந்தவை கற்பனை மசோதாக்கள் அல்ல. வர்ஜீனியாவின் சட்டங்களைத் திருத்தி அமைப்பதற்காக ஜெபர்ஸன், வித், பெண்டில்டன் ஆகிய மூவரும் உழைத்து 1779-ல் சமர்ப்பித்த 126 மசோதாக்களிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் தம் கையால் ஆக்கியதை மாணாக்கர் கண்டிக்கவும் திருத்தவும் இடங்கொடுத்த இந்த ஏற்பாட்டில்தான் வித்தின் பெருமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். சட்டத்தை ஒப்பிக்கப் பழக்கிய உபாத்தியாயர்கள் எத்தனையோ பேர் உண்டு.

1780-ல் சேனையிலிருந்து வந்து சில மாதங்களே பாடங்கேட்ட ஜான் மார்ஷல் பிற்காலத்தில் பிரதம நீதிபதியாகி, அரசியலமைப்புக்கு முரணான சட்டம் செல்லாதென்று 1803-ல் தீர்ப்பளித்ததை உலகம் அறியும். எல்லை மீறும் சட்டசபைக்கு அரசியலமைப்பைச் சுட்டிக்காட்டித் தடுப்பது நியாயஸ்தலத்தின் கடமையென்று, 1782-ல் கேட்டன் என்பவரின் வழக்கில், நீதிபதி பீடத்திலிருந்து வித் முன்னமே கூறியிருந்தார்.

முதுமையில் வித் தம் அடிமைகளில் பலரை விடுதலை செய்தார். கலாசாலையை விட்டு ரிச்மண்டில் சான்ஸரி நீதிபதியாக வீற்றிருந்த அவர், 1806-ல், தாங்கள் அடிமைகளல்லரென்று வாதாடிய ஒரு குடும்பத்துப் பெண்களுக்கு, சுதந்திரம் மனிதப் பிறவியின் உரிமை, அடிமையென்போரே அதை நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி விடுதலை வழங்கினார். மேல் நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தும், வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனம் அடிமைகளுக்கும் உரியதென்ற அவருடைய காரணத்தை ஏற்க மறுத்தது. அத்தீர்ப்பு வெளிவருமுன்பே அவர் காலமாகியிருந்தார்.

அந்த மரணமோ கொடியது. கூட வசித்த சகோதரியின் பேரன் சொத்துக்கு ஆசைப்பட்டுக் காலைக் காப்பியில் விஷமிட்டான் என்பது அனைவரின் முடிபு. வித் அன்போடு கல்வி புகட்டிவந்த மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பினப் பிள்ளை முதலில் மாண்டான். வித், உயிலை மாற்றி அந்தப் பேரனை விலக்கிவைக்கும் வரையில் பிழைத்திருந்து, 1806 ஜூன் 8-ஆம் தேதி உயிர் நீத்தார். அவரால் விடுதலை பெற்ற சமையற்காரி லிடியா பிராட்னாக்ஸ், அவன் காப்பிப் பாத்திரத்தருகே நின்றதைக் கண்டிருந்தாள். எனினும் வெள்ளையருக்கு விரோதமாகக் கறுப்பினத்தார் சாக்ஷி சொல்லலாகாதென்பது வர்ஜீனியாவின் விதி. வைத்தியர்களின் பரிசோதனையும் தெளிவாக அமையாமற் போகவே, கொலைக் குற்றத்திலிருந்து அவன் விடுபட்டான்.

அந்த விதி நெடுநாளையது. வித் புதிதாகக் கற்பித்ததன்று. ஆயினும் அவர் ஒப்பமிட்டளித்த 126 மசோதாக்களுள் அதுவும் அப்படியே இடம்பெற்று, 1785-ல் மீண்டும் சட்டமாயிற்று. உள்நாட்டுப் போர் முடியும் வரையில் அது வர்ஜீனியாவில் அமுலில் இருந்தது.