பூட்டப்பட்ட கோப்புகள்: பாலக்காடு, 2017

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சில நாள்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, அவற்றைத் திறக்கப் பிட்காயினில் பிணைத்தொகை கோரியது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகங்களையடுத்து, தென்னக இரயில்வேயின் பாலக்காட்டுக் கோட்ட அலுவலகமும் இலக்கானது. அங்கே தாக்குண்டவை பணியாளர், கணக்குப் பிரிவுகளின் கணினிகள். வண்டிகள் வழக்கம்போல் ஓடின.

தீநிரல் நுழைந்த விண்டோஸ் குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஆகவே அரசின் முதற்கடமை தாக்குதல் நாளில் தொடங்குவதன்று. அதற்கு முந்தைய இரு மாதங்களில் அடங்கியிருந்தது.

இரண்டாம் கடமையைச் சட்டம் பின்னரே வகுத்தது. இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பணித்தது. தனிநபர் தரவு மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிக்க வேண்டுமென 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

வங்கியை மாற்றிக்கொள்ளும் குடிமகனால் தன் ஊராட்சியை மாற்றிக்கொள்ள இயலாது. பிறப்பையும் வீட்டுவரியையும் அவர் அங்கேதான் பதிந்தாக வேண்டும். ஆதலால் அப்பதிவுகளுக்கு நேர்ந்ததைக் கேட்டறிவது அவரது உரிமை; கேட்கும் முன்பே கூறுவது அரசின் பொறுப்பு.