ஹோம்ஸ் நின்றுகொண்டே இருந்தார்

ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். 1999-இல் ஒரு ராத்திரி அப்படி நின்றபோது, நானும் என் மகனும் லண்டனில் ஒரு நடிகையின் கொலையை விசாரித்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் அணைந்தது. "சேவ் பண்ணலையே நைனா" என்றான். ஒன்றரை மணி நேர விசாரணை போயே போயிற்று.

அந்த வருடம் அவன் பத்தாவதில் கணக்கில் தவறியிருந்தான். எங்களுக்குள் பேச்சு குறைவு.

விளையாட்டு 1992-இல் வந்தது; மித்தோஸ் நிறுவனம் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. கதை நடப்பது 1888 நவம்பரில். ரீஜென்சி தியேட்டருக்குப் பின்சந்தில் சாரா கேரவே என்ற நடிகை கொலையுண்டு கிடக்கிறாள். ஜாக் தி ரிப்பரின் வேலை என்கிறது போலீஸ். ஷெர்லக் ஹோம்ஸுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

துப்பறியும் கதை நமக்குப் புதிதல்ல. பண்டித நடேச சாஸ்திரி 1894-லேயே தானவன் என்ற போலீஸ் நிபுணனைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். என் காலத்தில் தமிழ்வாணனின் சங்கர்லால்! இவர்கள் எல்லாருடைய கதையிலும் துப்பறிகிறவர் முன்னால் போவார், நாம் பின்னால் ஓடுவோம். எனக்கோ அவசரபுத்தி. கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வருவேன்.

இந்த ஹோம்ஸ் அப்படி இல்லை. நாம் சொல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். திரையின் அடியில் பார், நகர்த்து, பேசு, எடு, திற என்று சில சொற்கள். அதைத் தொட்டு, பிறகு பொருளைத் தொட வேண்டும். எது தடயம், எது வெறும் நாற்காலி என்று யாரும் சொல்வதில்லை. நடந்த பேச்சையெல்லாம் வாட்சன் ஒரு நோட்டில் எழுதி வைப்பார், அவ்வளவுதான் உதவி.

இதற்கு முன் 1982-இல் இன்ஃபோகாம் வெளியிட்ட 'டெட்லைன்' படமே இல்லாத விளையாட்டு. பிணத்தருகே கிடந்த மாத்திரைகள் என்று சிலவற்றை டப்பாவிலேயே போட்டுக் கொடுத்தார்களாம். ஆனால் கேள்விகளை ஆங்கிலத்தில் டைப் அடிக்க வேண்டும், நமக்கு ஆகாது. 1985-இல் மெக்கின்டாஷுக்கு வந்த 'தேஜா வூ' மவுஸாலேயே துப்பறிய வைத்தது. அந்த வழியில் வந்ததுதான் எங்கள் ஹோம்ஸ். வசனத்துக்கு மட்டும் லிஃப்கோ அகராதி பக்கத்தில் இருந்தது.

பையன் திரை முழுக்க வேக வேகமாகத் தட்டுவான். நான் நெசவுக்காரன் மகன். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு, அத்தனை இழைகளுக்குள் அந்த ஒன்றைத் தேடிப் பிணைத்த வீடு எங்களுடையது. "இருடா, அந்த மூலையைப் பாரு" என்பேன். ஓரிடத்தில் பன்னிரண்டு நாள் சிக்கினோம். பத்து தடவை போய்வந்த அறையிலேயே விடை இருந்தது, கடுகளவு புள்ளியாக! அப்படி ஒளித்து வைத்தது அநியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் என்னோடு பேசினான். சாப்பிடும்போதுகூட, "அக்காள் தங்கச்சி பேச்சுல ஏதோ இருக்கு நைனா" என்பான்.

இதன் இரண்டாம் பாகம், 'ரோஸ் டாட்டூ', 1996-இல் வந்தது. அப்போது எங்களுக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது என்று மகன் பெங்களூரிலிருந்து வந்து போட்டுக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொண்டே ஆடுகிறோம். மூன்று வாரமாக ஓரிடத்தில் நிற்கிறோம்.

விடை இணையத்தில் இருக்கிறது. போன வாரம், "நைனா, அந்த மேஜையை இன்னொரு வாட்டி பாருங்களேன்" என்றான். பார்த்துவிட்டானோ என்று எனக்குச் சந்தேகம்.