பன்னும் கடதாசியும்: தானே கற்ற கைகளின் வரலாறு

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் வணிகம், வேளாண்மை, மீன்பிடி, மார்க்கக் கல்வி ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றனர். கைத்தொழில் என்றதும் மருதமுனை, காத்தான்குடி நெசவு நினைவுக்கு வருகிறது. அங்கே தறி உண்டு. நூல் வாங்கிய கணக்கும் துணி விற்ற கணக்கும் உண்டு. எனவே எழுதுவோருக்கு ஆதாரம் கிடைக்கிறது. ஆனால், அடுப்படி வேலை முடிந்தபின் முற்றத்து நிழலில் இருந்து பாய் இழைத்த எமது பெண்களுக்குப் பதிவேடு எதுவும் இல்லை. உஸ்தாத் ஒருவர் முன் அமர்ந்து அவர்கள் அதைப் படிக்கவில்லை. உம்மாவின் கையையும் ராத்தாவின் கையையும் பார்த்துத் தம் கையைப் பழக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த அறிவு முழுவதையும் 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லுக்குள் நாம் அடக்கிவிட்டோம். அந்தச் சொல்லைச் சற்றுத் திறந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன் சொல்லும் கணக்கு

வயலோரச் சதுப்பிலும் குளத்து அலைகரையிலும் வளரும் கோரை இனமே பன். அதனை அறுத்து வெயிலில் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயம் கரைத்த கொதிநீரில் இட்டு எடுப்பார்கள். சிவப்பு, பச்சை, ஊதா எனச் சாயமேறிய பன்னும் இயல்பான வெளிறிய மஞ்சட் பன்னும் சேர்ந்தே பாயின் வேலைப்பாடு அமையும். தறி கிடையாது. நிலத்தில் குந்தியிருந்து கையாலேயே இழைப்பார்கள்.

எந்தப் பன்னை மேலெடுப்பது, எந்தப் பன்னைத் தாழ்த்துவது, எத்தனைக்கு ஒருமுறை நிறத்தை மாற்றுவது என்பதெல்லாம் எண்ணிக்கையாகும். ஒன்று பிழைத்தால் அடுத்த வரிசையிலேயே கட்டம் கோணும். எழுதப் படிக்கத் தெரியாதவர் எனக் குடித்தொகைக் கணக்கெடுப்பு எழுதிச்சென்ற ஒரு பெண், இரு புறமும் ஒத்து வரும் ஒரு கோலத்தை மனக்கணக்கில் வைத்து ஆறடிப் பாயை இழைத்து முடித்திருக்கிறாள். அதனைக் கல்வியென்று எவரும் குறித்துக்கொள்ளவில்லை.

விற்பனைக்கும் இழைத்தார்கள். சந்தையில் கிடைத்த காசு பிள்ளைகளின் கொப்பிக்கும் பெருநாள் உடுப்புக்கும் உதவியது. ஆயினும் மகளின் கலியாணத்துக்கென்றும் விருந்தாளிக்கென்றும் இழைத்த பாயில்தான் கை தன் விருப்பப்படி விளையாடியது. விற்கும் பாயை விரைவாக முடிக்க வேண்டும். வீட்டுப் பாய்க்கு அவசரமில்லை. அங்கேதான் புதிய கோலங்கள் பிறந்தன. பொழுதுபோக்கின் வரலாற்றுப் பெறுமதி இதுதான். வயிற்றுக்காகச் செய்யும் வேலையில் துணிய முடியாததை, மன நிறைவுக்காகச் செய்யும் வேலையில் கை துணிந்து பார்க்கும்.

தமிழகத்தில் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாயை இவ்விடத்தில் ஒப்புநோக்கலாம். தாமிரபரணி ஆற்றோரக் கோரையை மெல்லிய இழையாகக் கீறி, பருத்தி நூலைப் பாவாகவும் கோரையை ஊடையாகவும் கொண்டு தறியில் நெய்வது அது. அதனை நெய்வோரில் பெரும்பாலானோர் லெப்பை முஸ்லிம்கள். 1953இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்ட செய்தி பலராலும் எடுத்துச் சொல்லப்படுவதாகும். பின்னாளில் அது இந்தியாவின் புவிசார் குறியீட்டையும் பெற்றது. ஊரின் பெயர் பாயின் பெயராயிற்று. கிழக்கின் பன்பாய்க்கு அவ்வாறான பெயர் வாய்க்கவில்லை. கைத்திறன் குறைந்ததால் அவ்வாறு நேரவில்லை. எமது பாயை எழுதி வைப்பார் இருக்கவில்லை என்பதே காரணம்.

கடதாசியும் நாரே

பன்னை முழுதாக வைத்து இழைத்தால் பாய். நாரை இடித்துக் கூழாக்கி, நீரில் கலக்கிச் சல்லடையில் வடித்து உலர்த்தினால் கடதாசி. இரண்டும் ஒரே குடும்பம். சீனத்தில் தோன்றிய இக்கலை எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்தை அடைந்து, அந்நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் வேரூன்றியது. முஸ்லிம் கைவினைஞர்கள் ஆளி, சணல் கந்தல்களிலிருந்தே கடதாசி செய்தனர். உடுத்துக் கிழிந்த துணி நூலாக மறுபிறவி எடுத்தது. 'காகிதம்' என்று நாம் வழங்கும் சொல்லும் பாரசீக, அரபுத் தொடர்பினால் எம்மிடம் வந்ததே.

எமது மாகாணத்திலும் புல் கடதாசியான வரலாறு உண்டு. சுதந்திரத்துக்குப் பின் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தில் திட்டமிடப்பட்ட வாழைச்சேனைக் கடதாசி ஆலை, 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. வயலில் எஞ்சிய வைக்கோலும் இலுக்குப் புல்லும் அங்கே கடதாசியாயின.

ஆலைக் கடதாசி மலிந்ததும் அதையும் எம்மவரின் கை விட்டுவைக்கவில்லை. கந்தூரிக்குக் கொடி வெட்டியது, கலியாண வீட்டுக்குப் பூச் செய்தது, ஈர்க்கும் நூலும் சேர்த்துப் பட்டம் கட்டியது. இவற்றுக்கும் வாத்தியார் எவரும் இருக்கவில்லை.

ஓர் அதிகாரியின் ஓய்வுநேரம்

ஓய்வுநேரக் கைவேலை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. சென்னை மாகாண அரச சேவையில் இருந்த தி. சுந்தரராவ் என்பார், கடதாசி மடித்துக் கேத்திர கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893இல் சென்னையில் வெளியிட்டார். ஜேர்மானியக் கல்வியாளர் ஃபுரோபல் வகுத்த பாலர் கல்வி முறையில் சிறுவருக்கு வழங்கப்படும் வண்ணக் கடதாசிச் சதுரங்களே அவருக்குத் தூண்டுகோலாயின. கவராயம் இன்றி, மடிப்புகளாலேயே சமபக்க முக்கோணி, ஐங்கோணி, அறுகோணி எனத் தொடங்கி வளைகோடுகள் வரை அவர் சென்றார். புகழ்பெற்ற ஜேர்மானியக் கணித அறிஞர் ஃபீலிக்ஸ் கிளைன் 1895இல் வெளியான தமது நூலில் இதனைக் குறிப்பிட்டார். அதன் பயனாக 1901இல் சிக்காகோவிலும் அந்நூல் பதிப்பிக்கப்பட்டது. சிறுபிள்ளை விளையாட்டு, உலகம் வாசிக்கும் கணிதமாயிற்று.

இதில் எமக்கொரு பாடம் உண்டு. ஒரே அகலமான கடதாசிக் கீலமொன்றில் சாதாரண முடிச்சொன்றைப் போட்டு, மெல்ல இறுக்கித் தட்டையாக்கினால் ஒழுங்கான ஐங்கோணி தோன்றும். பனையோலை நறுக்கிலும் அவ்வாறே தோன்றும். நிலாவெளிப் பிள்ளைகள் ஓலையில் விளையாட்டுப் பொருள் முடையும்போது இந்த ஐங்கோணி அவர்களின் விரலிடையே வந்துபோகிறது. பின்பு வகுப்பறையில் அதே உருவைக் கரும்பலகையில் கண்டு மருள்கிறார்கள். சுந்தரராவ் தாம் செய்ததை எழுதினார். எமது உம்மம்மாமார் எழுதவில்லை. இரண்டு கைகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இவ்வளவே.

எழுதாவிடின்

நகரிலிருந்து வடக்கே பத்து மைல் தொலைவிலுள்ள எமது கரையோரத்தை 1990இன் இடப்பெயர்வும் 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும் குலைத்தன. வீட்டோடு பெட்டகமும் பெட்டகத்தோடு பழைய பாய்களும் போயின. எஞ்சியதைப் பிளாஸ்டிக் பாய் ஒதுக்கிவிட்டது. அதன் விலை குறைவு, கழுவுவதும் இலகு. வாங்குவோரைக் குறைகூறுவதில் பயனில்லை. ஆனால் ஒரு பாயோடு, அதன் கோலத்துக்கு வைத்த பெயரும், அதை எண்ணிய முறையும், சாயம் காய்ச்சிய பக்குவமும் மறைகின்றன. நூல் தொலைந்தால் வேறு பிரதி தேடலாம். கையில் மட்டும் இருந்த அறிவு, அந்தக் கை ஓய்ந்ததும் முடிந்துபோகும்.

எனவே, இவ்விதழை வாசிக்கும் எழுத்தாளரும் ஆசிரியரும் தத்தம் ஊரில் பாய் இழைக்கத் தெரிந்த மூத்த பெண் ஒருவரையாவது தேடிச் செல்ல வேண்டும். கோலத்தின் பெயரைக் கேட்டு, வரிசையை எண்ணி, கட்டத்தாளில் வரைந்து, அவர் சம்மதித்தால் அவரது பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். கதை, கவிதை சேகரித்தது போல இதையும் சேகரிப்பது எமது கடமை. அதற்கு வேண்டியது ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் ஒரு பின்னேரமும் மட்டுமே.