758.57: சேகோக் கழிவுநீரில் வளர்ந்த ஈஸ்டும் அதன் லினோலிக் அமிலமும்

மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்துச் சேகோ ஆலைகளின் கழிவுநீரில் ஈஸ்ட் வளர்த்துக் கொழுமியம் எடுக்க முடியும் என்பதில் ஐயமில்லை. கேண்டிடா ட்ராபிகாலிஸ் இனத்தைக் கொண்டு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வே போதிய சான்று. இங்கு மறுக்கப்படுவது அந்த விளைச்சல் அன்று. பொருண்மை நிறமாலையில் 758.57இல் எழும் முகட்டுக்கு 'பாஸ்பாடிடைல்கோலின் 34:2' எனப் பெயரிட்டு, அந்தப் பெயரையே ஈஸ்ட் லினோலிக் அமிலம் ஆக்கியதற்கு ஆதாரமாக்கும் வாசிப்பைத்தான் மறுக்கிறேன்.

34:2 என்பது ஒரு கூட்டுத்தொகை. அம்மூலக்கூறின் இரு கொழுப்பமிலச் சங்கிலிகளிலும் சேர்த்து 34 கார்பன், 2 இரட்டைப் பிணைப்பு, அவ்வளவே. ரொட்டி ஈஸ்டில் இத்தொகை 16:1, 18:1 எனப் பிரியும். அதனிடம் உள்ள ஓலி1 நொதி ஒரு சங்கிலிக்கு ஓர் இரட்டைப் பிணைப்பைத்தான் இடும் என்பதால் இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலிக் அமிலத்தை (18:2) ஆக்க அதற்கு வழியே இல்லை. தாவரச் சவ்வுகளிலோ அதே தொகை பெரிதும் 16:0, 18:2 எனப் பிரியும், மரவள்ளியும் தாவரமே. இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. ஆகவே எவ்வளவு துல்லியமான கருவியும் நிறையை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்துக் காட்டாது. நேர் அயனி முறையில் உடைத்தாலும் இரண்டிலும் ஓங்கி எழுவது கோலின் தலைப்பகுதியின் 184.07தான்.

எதிர் அயனி முறையில் நிலைமை வேறு. ஃபார்மேட் சேர்ந்த 802.56 அயனியை உடைத்தால் 253.22உம் 281.25உம் வரலாம், அது 16:1, 18:1. அல்லது 255.23உம் 279.23உம் வரலாம், அது 16:0, 18:2. இந்த நான்கு எண்களைக் காட்டாத அட்டவணையில் 'லினோலிக்' என்ற சொல்லுக்கு இடமில்லை என்பதே என் துணிபு.

279.23 கிடைத்துவிட்டாலும் வழக்கு முடிவதில்லை. கேண்டிடா ட்ராபிகாலிஸ் லினோலிக் அமிலத்தைத் தானே ஆக்க வல்லது. எனவே அங்கு ஈஸ்டின் உரிமையை எடுத்த எடுப்பில் மறுப்பதும் தவறு. ஆனால் ஈஸ்டுகள் ஊடகத்திலுள்ள கொழுப்பமிலங்களை உள்வாங்கித் தம் சவ்விலேயே கோத்துக்கொள்ளும். செல்லை எத்தனை முறை கழுவினாலும் உள்ளே கோத்தது வெளியேறாது. மரவள்ளியில் கொழுப்பு சொற்பம்தானே என்பர். மொத்த விளைச்சலை எடைபோடுபவருக்கு அது பொருந்தும். சுவடளவையும் பிடிக்கும் கருவியை வைத்துக் கலவை விகிதம் பேசுபவருக்குப் பொருந்தாது. 379.34இல் எர்கோஸ்டீரால் தெரிகிறதே என்ற வாதமும் உதவாது; அது ஈஸ்ட் இருப்பதைச் சொல்லும், லினோலிக் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. முட்டைக்கோழித் தீவனத்தில் லினோலிக் அமிலம் ஏறத்தாழ 1 விழுக்காடு வேண்டும். அது குறைந்தால் முட்டையின் எடை குறையும். கழிவுநீர் ஈஸ்டை நாமக்கல் பண்ணைகளுக்குப் பரிந்துரைக்க நினைப்பவர், அந்த அமிலத்தை ஈஸ்ட் ஆக்கியதா, அன்றைய கிழங்கு தந்ததா என்று அறிந்தாக வேண்டும். கிழங்கு தந்தது என்றால், ஆலைக்கு ஆலை, பருவத்துக்குப் பருவம் அளவு மாறும்.

செல் இடாத கழிவுநீரையும் அதே முறையில் பிரித்தெடுத்து அருகில் வைத்துப் பார்ப்பது முதற்படி. கார்பன்-13 குளுக்கோஸை ஊட்டிப் பார்ப்பதே தீர்ப்பு தரும். சர்க்கரையிலிருந்து ஈஸ்ட் புதிதாகக் கட்டிய சங்கிலி 279.23இலிருந்து மேலே நகரும். 18 கார்பனும் மாறினால் 297.29ஐத் தொடும். கழிவுநீரில் ஏற்கெனவே உள்ள சர்க்கரையும் உணவாவதால் முழு நகர்வு கிட்டாது. பகுதி நகர்வே போதும். கிழங்கிலிருந்து அப்படியே வந்த சங்கிலி 279.23இலேயே நிற்கும்.