தரங்கம்பாடியில் ஒரு சிறு சபை

தரங்கம் என்பது அலை. பாடி என்பது குடியிருப்பு. அலைகள் பாடும் ஊர் என்று சுவைபடப் பொருள் கூறுவாரும் உளர். அவ்வூரின் கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலோ, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் 1306-ஆம் ஆண்டளவில் எழுந்தது. சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்னும் பழம்பெயர்களை அக்கோயிற் கல்வெட்டு நமக்குக் காட்டுகின்றது. அக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பழமையும் அலையும் ஒன்றோடொன்று போராடும் இவ்வூரில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ஒரு சிறு கிறித்தவ சபையின் வாழ்க்கையைப் பற்றியே இன்று நான் பேசப் புகுகின்றேன்.

மாணவ நண்பர்களே, வரலாறு என்றவுடன் போர்களும் பட்டாபிஷேகங்களும் உங்கள் நினைவுக்கு வரலாம். ஒரு சிறு சபையின் வரலாற்றில் அவை இல்லை. அங்கே இருப்பவை வேறு. யார் முதலில் வந்தனர்? யார் எங்கே அமர்ந்தனர்? யார் கையிலிருந்து யார் உணவு பெற்றனர்? கேட்பதற்கு இவை சிறு வினாக்களே. ஆயினும் ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிய இவற்றினும் சிறந்த வினாக்கள் இல்லை.

1620-ஆம் ஆண்டில் டென்மார்க்கிலிருந்து ஓவ் கெட்டே என்னும் கடற்படைத் தலைவர் வந்து, தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். டேனிய வணிகக் கூட்டத்தார் தரங்கம்பாடியைப் பெற்று, டான்ஸ்போர்க் என்னும் கோட்டையைக் கட்டினர். வணிகம் நடந்தது. கப்பல்கள் வந்தன, போயின. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவ்வணிகர்கள் தம் சமயத்தைத் தமிழரிடம் பரப்ப முயலவில்லை. 1701-இல் அவர்கள் எழுப்பிய சீயோன் ஆலயமும் ஐரோப்பியரின் வழிபாட்டுக்கே உரியதாயிருந்தது.

இந்நிலையில் டேனிய மன்னன் நான்காம் பிரெடரிக் அனுப்ப, 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் ஜெர்மானியர் இருவர் வந்திறங்கினர். ஒருவர் சீகன்பால்கு ஐயர். மற்றவர் புளூச்சோ ஐயர். சீகன்பால்குக்கு அப்போது வயது இருபத்து மூன்று. வணிகர்கள் அவர்களை வரவேற்கவில்லை. சமயப் பணியால் வாணிகத்துக்கு இடையூறு நேரும் என்பது அவர்களுடைய அச்சம்.

சீகன்பால்கு முதலில் செய்த செயல் நம் உள்ளத்தைக் கவர்வதாகும். அவர் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்துக்கு அழைத்து, அவர்தம் சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். பல மொழி அறிந்த அழகப்பன் என்னும் தமிழர் அவருக்குத் துணையாயினார். ஏட்டுச் சுவடிகளை விலை கொடுத்து வாங்கத் தமிழ் எழுத்தர்களை ஊர் ஊராக அனுப்பினார். 1708-இல் அவர் எழுதிய நூற்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளின் விவரம் உள்ளது. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இனி, சபை தோன்றிய வகையைக் காண்போம். 1707-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவ்வைவரும் யார்? செல்வரல்லர், கற்றோருமல்லர். டேனியர் இல்லங்களில் அடிமைகளாய் உழைத்தவர்கள். அக்காலத்தில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் கொடுமை இக்கடற்கரையிலும் இருந்தது. தம் உடல்மீதும் உரிமையற்ற ஐவரே இச்சபையின் முதல் உறுப்பினர் ஆயினர்.

அவர்களுக்கென ஓர் இடம் வேண்டுமன்றோ? அவ்வாண்டு ஜூன் மாதம் 14-ஆம் நாள் கடற்கரையருகே ஓர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினர். பாதிரிமார் தம் சொற்ப ஊதியத்தையே அதற்குச் செலவிட்டனர். ஆகஸ்டு 14-ஆம் நாள் எருசலேம் ஆலயம் திறக்கப் பெற்றது. இரண்டே திங்களில் எழுந்த கட்டடம் எத்துணைச் சிறியதாயிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். அங்கே தமிழிலும் போர்த்துக்கேசிய மொழியிலும் வழிபாடு நடந்தது. கடற்கரை வணிகத்தில் வழங்கிய போர்த்துக்கேசியத்தை, ஐரோப்பியர் வீடுகளில் பணி செய்தோர் அறிந்திருந்தமையே அதற்குக் காரணமாகும்.

சபையின் வாழ்க்கை ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டோடு முடிந்துவிடவில்லை. ஆலயத்தை அடுத்துப் பள்ளி தோன்றியது. ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளுக்கும் எழுத்து கற்பித்தனர். ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளித்தனர். பசித்த வயிற்றோடு இருக்கும் பிள்ளையின் காதில் பாடம் ஏறாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சொற்பொழிவுகளையும் பாடங்களையும் பனையோலையில் படியெடுத்து வழங்கத் தமிழ் எழுத்தர்கள் அமர்த்தப்பெற்றனர். 1716-இல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றும் பள்ளி ஒன்றும் ஏற்பட்டது.

ஏழையோடு சேர்வதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையையும் அவர்கள் கொடுத்தனர். 1708-இல் கடன் வழக்கொன்றில் சிக்கிய ஏழை விதவைக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். கோட்டைத் தலைவராயிருந்த ஹாசியுஸ் சினங்கொண்டு, அவரை டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு திங்கள் சிறைவைத்தார். சிறையிட்டவரும் கிறித்தவர், சிறைப்பட்டவரும் கிறித்தவர். ஒரே வேதத்தை ஓதிய இருவரிடையே அத்துணை வேற்றுமை இருந்தது.

அச்சுக்கூடத்தின் வரலாறு நீங்கள் அறிந்ததே. தமிழ் நூலொன்று முதன்முதல் இந்திய மண்ணில் அச்சேறியது 1578-இல். கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமே அந்நூலாகும். பின்னர் நெடுங்காலம் தளர்ந்து கிடந்த தமிழ் அச்சுத் தொழிலைத் தரங்கம்பாடி மீண்டும் தழைக்கச் செய்தது. இலண்டனிலிருந்து அச்சுப்பொறி 1712-இலும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் 1713-இலும் வந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் காகிதம் போதாது. ஆகவே பொறையாற்றில் ஈயம் உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தனர். காகிதம் செய்யும் ஆலையும் அமைத்தனர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயிற்று. ஏடு எழுதுவோர் கையிலும் அதனை வாங்க வல்லார் கையிலும் மட்டும் இருந்த எழுத்து, எளியோர் கைக்கும் எட்டலாயிற்று. இதன் பயனைச் சிறிது நேரத்தில் காண்போம்.

1715-இல் கடல் பொங்கி முதல் ஆலயத்தைச் சிதைத்தது. அரசர் தெருவில் சிலுவை வடிவில் புதிய எருசலேம் ஆலயம் எழுந்து, 1718-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23-இல், முப்பத்தாறே வயதில் சீகன்பால்கு மறைந்தார். அவருடைய உடல் அவ்வாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றது.

பெரும்பாலான நூல்கள் வரலாற்றை இவ்விடத்தில் நிறுத்திவிடும். நான் கூற வந்த செய்தியோ இங்கேதான் தொடங்குகின்றது.

சபை ஊரெல்லைக்குள் அடங்கியிருக்கவில்லை. எல்லைக்கு அப்பால் தஞ்சை மராட்டிய மன்னரின் நாடு. அங்கே ஐரோப்பியப் பாதிரிமார் விரும்பியபடி சென்று பணி செய்ய இயலவில்லை. காவிரிக் கிளையாறுகளைக் கடந்து, வயல் வரப்புகளில் நடந்து, சிற்றூர்தோறும் சென்றவர்கள் தமிழ் உபதேசியார்கள். சபையின் கால்களும் நாவும் அவர்களே.

அவர்களுள் ஒருவர் இராசநாயக்கன். அவர் தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர், கத்தோலிக்கக் குடும்பத்தினர். தரங்கம்பாடியில் அச்சான வேதப் பகுதி எவ்வாறோ அவர் கைக்கு வந்தது. அதனைத் தாமே படித்தார். மீண்டும் மீண்டும் படித்தார். 1727-ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடிச் சபையில் வந்து சேர்ந்தார். படைப்பணியை விட்டு உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் உழைத்தார். பொறையாற்றில் ஈயம் உருக்கியவர்கள் நேரில் கண்டிராத ஒரு படைவீரரின் வாழ்வை, அந்த ஈய எழுத்து மாற்றியது.

மற்றொருவர் ஆரோன். கடலூரில் சைவ வேளாளர் குடியில் ஆறுமுகமாய்ப் பிறந்து, 1718-இல் ஞானஸ்நானம் பெற்றவர். கல்வியும் பொறுமையும் வாய்ந்தவர்.

1733-ஆம் ஆண்டில், தமிழர் ஒருவருக்கே குருப்பட்டம் அளிப்பது என்று பாதிரிமார் முடிவு செய்தனர். எவருக்கு அளிப்பது என்ற ஆராய்ச்சியில் இராசநாயக்கன் பெயரும் எழுந்தது. அவருடைய ஊக்கத்தை அனைவரும் அறிவர். அவரால் சபையில் சேர்ந்தோரும் பலர். ஆனால் அவர், ஊரார் தீண்டத்தகாதவரென்று ஒதுக்கிவைத்த குடியிற் பிறந்தவர். வேளாளர் முதலிய குலத்துக் கிறித்தவர்கள் அவர் கையால் திருவிருந்து பெற உடன்படமாட்டார்கள் என்று பாதிரிமார் அஞ்சினர். அவ்வச்சமே வென்றது. 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. சீர்திருத்தக் கிறித்தவ சபையின் முதல் தமிழ்க் குருவானவர் அவரே. இராசநாயக்கன் உபதேசியாராகவே இருந்து, உபதேசியாராகவே 1771-இல் காலமானார்.

ஆரோன்மேல் இதற்காகக் குறை கூறுதல் முறையன்று. அவர் மாயூரத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஓயாது நடந்து பணிசெய்து, 1745-இல் மறைந்தார். குறை அவரிடம் இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்த அளவுகோலில் இருந்தது. புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயும் அவ்வளவுகோல் நிலவியது. உயர்குலத்தார் எனப்பட்டோர் ஒருபுறமும், ஒதுக்கப்பட்டோர் மற்றொருபுறமும், நடுவே இடைவெளி விட்டு அமர்ந்தனர். ஒரே கூரை, ஒரே பாட்டு, ஒரே வேதம். ஆயினும் தரையில் ஒரு கோடு. அக்கோட்டைப் பாதிரிமார் வரைந்திலர். ஆனால் நெடுங்காலம் அதனை அழிக்கவும் துணிந்திலர். ஏழை விதவைக்காகச் சிறை சென்ற துணிவு ஒருபுறம். தம் கூட்டத்தாரே முகம் சுளிப்பர் என்ற அச்சம் மற்றொருபுறம். அதிகாரியை எதிர்ப்பதினும் தம்மவரை எதிர்ப்பது கடினம் என்னும் உண்மையை இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துகின்றன.

இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய குறை என்று யாரும் எண்ண வேண்டா. ஒதுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைய 1939-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தீண்டாமையை ஒழிக்கும் சட்டவிதி 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பில்தான் இடம்பெற்றது. ஆலயமாயினும் கோயிலாயினும், வாயிலில் நிற்கும் மனிதன் தன் வீட்டுப் பழக்கத்தையும் தோளில் சுமந்தே வருகிறான்.

அந்தக் கோட்டை அழிக்கும் முயற்சி பள்ளிக்கூடத்தின் வழியாகவே மெல்ல நடந்தது எனலாம். தரங்கம்பாடியில் நெடுங்காலம் பணியாற்றிய ஜான் ஐயர், 1810-ஐ அடுத்த ஆண்டுகளில் சுற்றுப்புறச் சிற்றூர்களில் இலவசப் பள்ளிகளை நிறுவினார். அவை ஏறத்தாழ இருபது. சமய வேறுபாடும் குல வேறுபாடும் பாராது எல்லாப் பிள்ளைகளுக்கும் அவற்றில் இடம் இருந்தது. ஊர் ஆசிரியர்களே கற்பித்தனர். ஆலயத்தில் தயங்கிய சபை, பள்ளியில் ஓரடி முன்வைத்தது.

பின்னர்க் காலம் மாறியது. வணிகம் நலிந்த டேனியர் 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். கோட்டையை விற்றுச் சென்றனர்; சபை மண்ணிலேயே இருந்தது. 1919-இல் தமிழ் லுத்தரன் திருச்சபை அமைந்தது. அதன் தலைவர் தரங்கம்பாடிப் பேராயர் என்னும் பெயரையே தாங்குகின்றார். 1956-இல் அப்பதவியை ஏற்ற இராஜபூஷணம் மாணிக்கம், தமிழருள் முதல்வர். அவர் பெயரால் 1974-இல் பொறையாற்றில் கல்லூரி ஒன்றும் தோன்றிற்று. அன்று எழுத்து வார்த்த ஊரில், பல சமயத்து மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, அது குலமும் பாரவில்லை, சமயமும் பாரவில்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் தரங்கம்பாடிக்குச் சென்றால் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பைக் காணுங்கள். டேனிய மன்னனின் பெயர்முத்திரை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே சீகன்பால்குவின் கல்லறை இருக்கும். மன்னனையும் பாதிரியாரையும் நாம் நினைவுகூர வேண்டியதே. அவர்களோடு, முதலில் வந்த அடிமைகள் ஐவரையும், சுவடி தேடி நடந்த எழுத்தர்களையும், ஈயம் உருக்கிய தொழிலாளர்களையும் எண்ணிப் பாருங்கள். எல்லாத் தகுதியும் இருந்தும் குருப்பட்டம் பெறாத இராசநாயக்கனையும் எண்ணிப் பாருங்கள். கல்லில் பொறித்த பெயர்களை யாரும் படிக்கலாம். பொறிக்கப்படாத பெயர்களைத் தேடிப் படிப்பதே வரலாறு பயில்வோர் கடமையாகும்.