தொடர் செயலிழப்பு

தொடர் செயலிழப்பு என்பது, ஓர் அமைப்பில் ஓர் உறுப்பு பழுதாகி, அது தாங்கிய பளு மற்ற உறுப்புகளின் மேல் ஏறி, அவையும் அடுத்தடுத்துச் செயலிழப்பதாகும். மின் தொகுப்பு, தொலைத்தொடர்பு வலையமைப்பு, கணினிச் சேவையகங்கள் ஆகியவற்றில் இது நிகழ்கிறது. இத்தகைய அமைப்புகளின் நம்பகத்தன்மையை மதிப்பிட, உறுப்புகளின் தரத்தோடு பழுது பரவும் வழியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தனித்தனிக் கணக்கின் குறை

எளிய நம்பகத்தன்மைக் கணக்கு, ஓர் உறுப்பின் பழுது மற்றொன்றைப் பாதிக்காது என்று எடுத்துக்கொள்கிறது. இணையாக உள்ள இரண்டு மின்பாதைகளில் ஒவ்வொன்றும் பழுதாக 100-இல் 1 வாய்ப்பு எனில், இரண்டும் பழுதாக 10,000-இல் 1 வாய்ப்பே உண்டு. ஒன்று விழுந்தபின் கூடுதல் பளுவால் மற்றதும் விழ 10-இல் 3 வாய்ப்பு உண்டு என்று கொண்டால், விடை ஏறத்தாழ 1,000-இல் 6 ஆகிறது. அபாயம் 60 மடங்கு கூடிவிடுகிறது.

பரவல் விகிதம்

ஒரு பழுது சராசரியாக எத்தனை புதிய பழுதுகளை உண்டாக்குகிறது என்பதே பரவல் விகிதம். இது 0.5 ஆனால், ஒரு பழுதில் தொடங்கும் தொடர் சராசரியாக 2 பழுதுகளில் அடங்கும், 0.9 ஆனால் 10 பழுதுகள் வரை போகும். 1-ஐத் தொட்டால் அமைப்பு முழுவதுமே சரியக்கூடும். மின் தொகுப்புகளுக்கு இக்கணக்கை இயன் டாப்சன், பெஞ்சமின் கரேராஸ், டேவிட் நியூமன் ஆகியோர் வளர்த்தெடுத்தனர். அடில்சன் மோட்டரும் யிங்-செங் லாயும் 2002-இல் வெளியிட்ட மாதிரி, பெரும்பளு தாங்கும் ஒரே கணுவை இழந்தாலும் வலையமைப்பு குலையலாம் என்று காட்டியது.

2012 இந்திய மின்தடை

2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வட மண்டல மின் தொகுப்பு சரிந்தது. மறுநாள் பிற்பகல் 1 மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் இருண்டன. ஏறத்தாழ 48,000 மெகாவாட் பளு துண்டிக்கப்பட்டு, 60 கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். இரு நாளும் தொடரைத் தொடங்கிவைத்தது 400 கிலோவோல்ட் பீனா–குவாலியர் மின்பாதை. அப்பாதையில் பழுது எதுவும் இருக்கவில்லை. பளு மிகுந்து மின்னழுத்தம் தாழ்ந்த நிலையைக் காப்பு ரிலே பழுதெனக் கொண்டு பாதையைத் துண்டித்தது. அதன் பளு மற்ற பாதைகளில் ஏற, அவையும் துண்டிக்கப்பட்டன. தென் மண்டலம் அப்போது நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாகவே மற்ற மண்டலங்களோடு பிணைந்திருந்ததால் இச்சரிவிலிருந்து தப்பியது.

தடுப்பு

எந்த ஓர் உறுப்பு விழுந்தாலும் மற்றவை தாங்கும்படி தொகுப்பை இயக்குவது முதல் விதி. அதிர்வெண் தாழ்ந்தால் பளுவின் ஒரு பகுதியைத் தானாகத் துண்டிக்கும் ரிலேக்களும், பாதிக்கப்பட்ட பகுதியைத் தனித்தீவாகப் பிரிக்கும் ஏற்பாடும் அடுத்த அரண்கள். 2012-இல் பளு துண்டிக்கும் ரிலேக்கள் போதிய அளவு செயல்படவில்லை என்பதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. காகிதத்தில் இருக்கும் காப்பு கணக்கில் சேராது. ரிலேக்களின் அமைவுகளைக் காலந்தோறும் சோதிப்பது உற்பத்தியைப் பெருக்குவதற்கு இணையான கடமை.

2013 டிசம்பர் 31 அன்று 765 கிலோவோல்ட் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென் மண்டலமும் தேசியத் தொகுப்பில் இணைந்தது. இதனால் நெருக்கடியில் வெளியிலிருந்து மின்சாரம் பெறுவது எளிதாயிற்று. பழுது பரவும் வழியும் நீண்டது. தமிழ்நாட்டு மின்வழங்கலின் நம்பகத்தன்மையை இங்குள்ள உறுப்புகளை மட்டும் வைத்து இனி மதிப்பிட இயலாது.